ஆளுக்கொரு குதிரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலம்தானே என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்டாகிவிட்டது.

லாரி டிரைவர் இதை உன் கையில் தரும்போது, சிலுப்பி என்று நாம் பேர் வைத்த குதிரை வண்டிக்குள் நின்றுகொண்டிருப்பாள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கதவைத் திற.

லாயத்தைப் பாகம் பிரித்த அன்றைக்கு ரொம்ப நியாயவான் மாதிரி பேசினாய். ஆளுக்கொரு குதிரை, இளசை அக்காவே வைத்துக்கொள்ளட்டும், கிழவனை நான் கொண்டுபோகிறேன் என்றாய். பெருந்தன்மை என்று நானும் நம்பித் தொலைத்தேன். குழந்தைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்க உனக்குச் சாதுவான குதிரை தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஒன்றையொன்று பார்க்காமல் இரண்டும் தண்ணீர்கூடக் குடிக்காது என்பது உனக்குத் தெரியாதா? கிழவனை இவள் கண்ணில் படும்படி வேலிக்கு அந்தப் பக்கம் கட்டிவைத்துத்தானே இவளுக்கு முதுகில் சேணம் போட்டுப் பழக்கினாய்?

அவன் போனதிலிருந்து இவள் கதவோரம் நின்று இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டே இருந்தாள். கனைத்துக் கனைத்துத் தொண்டை கட்டிப்போனது. போனில் சொன்னேன். போகப் போகப் பழகிடும் விடுக்கா என்றாய். நீ அனுப்பிவைத்த பயிற்சியாளர் இதைக் கொழுப்பு என்றார். தீனியைக் குறைக்கச் சொன்னார். ஒரு நாள் சாட்டையை எடுத்தார், மறுநாள் அவருக்கு இங்கே வேலையில்லை.

முன்னங்கால் முட்டி இரண்டிலும் தோல் கிழிந்திருந்தது. எங்கேயோ இடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். கால்நடை மருத்துவர்தான் சொன்னார், காவலுக்கு இன்னொரு குதிரை நிற்காவிட்டால் இவள் படுக்கவே பயப்படுகிறாளாம். குதிரை நின்றபடி கண்ணயரலாம், ஆழ்ந்து தூங்கப் படுத்தே ஆக வேண்டுமாம். இவள் நின்றபடியே கண் சொக்கி, முட்டி மடங்கி விழுகிறாள். அடுத்த தடவை விழுந்து கால் முறிந்தால் தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். அதைக் கேட்டபோது உன்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அதனால் என் பங்கையும் நீயே வைத்துக்கொள். முதலில் கிழவனைக் கூட்டி வந்து லாரிக்கு எதிரே நிறுத்து. அவன் வாசனை இவளுக்கு எட்டட்டும், பிறகு இறக்கு. பக்கத்தில் பக்கத்தில் கட்டு, நடுவில் சுவர் கூடாது. கொஞ்ச நாளைக்கு யாரும் மேலே ஏற வேண்டாம். இவள் துள்ளினால் திமிர் என்று நினைக்காதே, பயம். மறுபடி பிரித்தாய் என்று காதில் விழுந்தால் நேரில் வந்து நிற்பேன், சொல்லிவிட்டேன்.

இங்கே லாயத்தைக் கழுவிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். மேற்குக் கூரை ஒழுகுகிறது, இனி ஒழுகட்டும். அக்கா தனியாக என்ன செய்வாள் என்று உன் மனைவி கேட்டாளாமே. நான் குதிரையில்லை, எனக்குப் பழகிடும் என்று சொல்.

சிலுப்பி படுத்துத் தூங்கினால் மட்டும் ஒரு போன் செய். எந்நேரமானாலும் பரவாயில்லை, முழித்துத்தான் இருப்பேன்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அக்கா