குறுமணல் துறையார் அனுப்பாத முறையீடு

இல்லை, தளநாயகரே. குடிகளுக்குக் குறை இல்லை, ஆகவே முறையீடும் இல்லை என்று நீர் விடுத்த மறுமொழியை அரசியார் நம்பினார். நான் நம்பவில்லை.

மூன்று புறம் கடலும் ஒரு புறம் காடும் காக்கும் வெண்கழி நாட்டில், அரசி பெருங்கோதையாரின் ஆணையால் குடிகளின் முறை கேட்கும் அமைச்சன் நன்மொழி, அரசின் வலைத்தளத்தை ஆக்கிக் காக்கும் தளநாயகர் கொற்றங்குமரனாருக்கு எழுதும் ஓலை. உம் மனை தழைக்க. உம் பட்டறையின் திரைகள் ஒளி குன்றாதிருக்க. இவ்வாழ்த்து மரபு கருதியது. இனி எழுதுவது ஐயத்தால்.

பங்குனியில் குறைகேள் மண்டபத்தை மூடி, முறையீடுகள் யாவும் வலைத்தளத்தின் வழியே வருக என்று அரசியார் ஆணையிட்டார். அன்றுமுதல் கடற்கரை ஊர்களிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கடற்கரையார் வாய்மூடி இருப்பது உலக வழக்கன்று. எனவே வணிகன்போல் உடுத்து, நானே குறுமணல் துறைக்குப் போனேன்.

அங்கே உப்பளத்து மதகு உடைந்து, கடல்நீர் ஊருணியில் கலக்கிறது. குழந்தைகள் அந்நீரையே குடிக்கின்றன. இதை ஏன் அரசுக்கு அறிவிக்கவில்லை என்று ஓடக்காரி வலம்புரியைக் கேட்டேன். அவள் என்னைத் தன் ஓடத்தில் ஏற்றி, தன் கைபேசியை என் கையில் வைத்தாள்.

உம் தளத்தை நடுப்பகல் வெயிலில் அன்றுதான் முதன்முறை பார்த்தேன். மஞ்சள் திரையில் பொன்னெழுத்தால் அரசியார் புகழ்; ஓர் எழுத்தும் கண்ணுக்குப் புலப்படவில்லை. அது ஓடி முடியாமல் அடுத்த பக்கம் திறவாது. திறந்ததும் தாமரைக் குளம். அதன் அழகை மறுக்கமாட்டேன்; மொட்டுகள் விரியக் கண்டு, நான் ஓடத்தில் நிற்பதையே சற்று மறந்தேன். அவை விரிந்து முடியுமுன் இணைப்பு அறுந்தது. மறுபடியும் புகழ், மறுபடியும் குளம். பிறகு வந்த படிவம் பட்டப்பெயரை எழுதாமல் விடாது. பட்டம் ஏதும் இல்லாத வலம்புரி தன் ஓடத்தின் பெயரை எழுதினாள்.

இத்தனையும் பொறுத்தவள் கடைசியில் நின்றுவிட்டாள். அனுப்பும் பொத்தானாக நீர் வைத்திருப்பது அரச முத்திரை. முத்திரைக் காவலரன்றி வேறெவர் தொட்டாலும் விரல் போகும் என்பது நம் நாட்டுப் பழஞ்சட்டம். வலம்புரி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "எல்லாம் எழுதிட்டேங்க. முத்திரையைத் தொட்டாத்தான் போகுமாம். தண்ணிக்காக விரலைக் குடுத்துட்டு, எதை வச்சுத் துடுப்புப் போடுறது?"

பக்கத்தில் வலை உலர்த்தியவன் தன் மாமியாரின் விரலை இரவல் தருவதாகச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

படத்தைத் தொடுதல் முத்திரையைத் தொடுதல் ஆகாது என்று நீர் சொல்லக்கூடும். அதை அவர்களுக்குச் சொன்னவர் யார்? நீர் முத்திரைக் காவலரின் மகன். அந்த அச்சத்தை அறிந்தே வளர்ந்தவர். முதலில் அவ்விடத்தில் 'அனுப்பு' என்ற சொல்லே இருந்ததென்றும், கம்பீரம் போதாதென்று நீரே மாற்றினீர் என்றும் உம் பட்டறையார் கூறினர். அது அழகின்மேல் கொண்ட மயக்கமாகவும் இருக்கலாம். ஆயின் உடைந்த மதகுக்குரிய உப்பளம் உம் மைத்துனருடையது. ஊரார் முறையீடு பதிவாகாமல் அம்மதகில் கைவைக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதை நீரும் அறிவீர், அவரும் அறிவார்.

ஆகவே ஆணை. வரும் அமாவாசையில் கடல் பொங்கி ஊருணியை முழுதும் கெடுக்குமுன், முத்திரையை நீக்கி 'அனுப்பு' என்று எழுதுக. வெள்ளையில் கருப்பெழுத்து போதும். புகழும் குளமும் வேறிடம் போகட்டும். முறையீடு முதற்பக்கத்திலேயே தொடங்குக, பட்டம் கேளாதொழிக. செய்தபின் குறுமணலுக்குப் போய், துறையார் அதைக் கையாள்வதை அருகிருந்து காண்க. அப்போது அவர்களுக்கு ஒன்றும் சொல்லித் தராதீர். அவர்கள் விரல் தயங்கும் இடமெல்லாம் உம் பிழை என்று கொள்க.

இது அரசியார் பார்வைக்குச் சென்று, முத்திரை பெற்று வரும் ஓலை. முறை தாழாதிருக்க.

இன்னும் ஒன்று, இது ஆணையன்று, வேண்டுகோள். தூதன் கையில் உள்ள செம்பில் குறுமணல் ஊருணி நீர் இருக்கிறது. மைத்துனரிடம் ஆள் அனுப்புமுன், மறுமொழிக்கு எழுத்தாணி எடுக்குமுன், தூதன் கண்ணெதிரே அதில் ஒரு மடக்குக் குடித்துக் காட்டுவீரா?