நான் கை தூக்கிய சட்டம்

என் அன்பே,

தையற்காரி கெசியா கடைசியாக என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டுவிட்டு நீ பிறந்த வீடு போய் ஒரு மாதமாகிறது. இப்போதுதான் எழுதத் துணிந்தேன்.

வடக்கும் அடிமை முறை உள்ள தெற்கும் மோதாமல் இருக்கட்டும் என்றுதான், தப்பி வந்த அடிமைகளைத் திருப்பிக் கொடுக்கும் சட்டத்துக்குப் பத்து வருஷம் முன்பு வாஷிங்டனில் கை தூக்கினேன். தெற்கிலிருந்து தப்பி வந்து நம் ஊரில் தைத்துப் பிழைத்த கெசியாவை ஒஹாயோ படகுத்துறையில் பிடித்த அதிகாரி என்னைக் கண்டதும், "உங்க சட்டம்தானே? வந்து கயித்தைப் பிடிங்கய்யா," என்றான்.

பிடித்தேன்.

"பாப்பாவுக்கு நான் தச்ச கல்யாண கவுன் அளவா இருந்துச்சாய்யா?" என்று நம் மகளைப் பற்றி மட்டும் கேட்டாள்.

அந்தக் குரல் வாஷிங்டன் சபைக்குள்ளும் கேட்கிறது. நேற்று அடிமை முறையைக் காக்க இன்னொரு சமரசம் கொண்டுவந்தார்கள். "ஒத்துக்கங்க, இல்லேன்னா யுத்தம்தான்," என்றார் தெற்கத்தி நண்பர்.

"என்னால முடியாது," என்றேன்.

நம் மகனுக்கு இருபது வயது என்பதை மறந்து சொல்லவில்லை.

உன் கணவன்