மணிக்கூட்டுக் கள்ளன்

உதயகலாவும் கணவன் கோகுலனும் சேர்ந்து விளையாடும் வீடியோ கேமில், ஊர்க் கோபுரத்தில் நேரம் காட்டும் மணிக்கூட்டை யாரோ திருடிவிட்டார்கள். நேற்று அவளைக் கேட்காமலே அவன் பேக்கரிக்காரியைக் கள்ளி என்று பிடித்துக்கொடுத்துவிட்டான். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. நீர்வேலிக்கு வேலைக்குப் புறப்படுமுன், உறங்குகிறவனுக்கு எழுதிவைத்தாள்:

"புட்டு மூடிக்கிடக்கு. கதவு பூட்டுற திறப்பு யன்னலிலை இருக்கு. காலமை நான் விளையாடிப் பாத்தன். பேக்கரிக்காரி பாவம், அவ எடுக்கேல்லை. எடுத்தது ஆரெண்டு தெரியும், சொல்லமாட்டன்."

செருப்பைப் போட்டவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"நீங்கள் நட்ட கத்தரி வாடிக்கிடந்தது. கேமிலைதான். தண்ணி விட்டிட்டன்."

"அப்ப ஆரப்பா கள்ளன்?" எழும்பி வந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்த கோகுலன் கேட்டான்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மிஞ்சியிருந்த ஓரத்தில் எழுதினாள்:

"பின்னேரம் வாறன். ரெண்டுபேருமாப் பிடிப்பம்."