மூன்றாம் எண் டிஸ்க்

அக்கா, இன்று காலை லேப்டாப்பைத் திறந்ததும் அதோடு மாட்டியிருந்த ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று 'டிக், டிக்' என்றது. இரண்டாம் எண். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. செத்துப்போன என் அம்மா பேசுகிற ஒரே வீடியோ இந்த டிஸ்க்குகளுக்குள்தானே இருக்கிறது?

நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. தேயிலைத் தோட்டத்துக் கல்யாணங்களையும் திருவிழாக்களையும் நாம் கூட்டுத்தொழிலாகப் படம்பிடித்த காலத்தில் கேமரா என் கையில், கம்ப்யூட்டர் உங்கள் கையில். இரண்டு டெராபைட் டிஸ்க் நான்கை வாங்கி, ஒரே டிஸ்க்காகத் தெரியும்படி லேப்டாப்பில் சேர்த்தீர்கள். எட்டு டெரா இருக்க வேண்டும். நான்குதான் காட்டியது.

"பாதி எங்கக்கா போச்சு?"

"எங்கயும் போவலலா தம்பி. ஒவ்வொண்ணையும் ரெண்டு டிஸ்க்ல எழுதுது. லோரிக்கு ஸ்பேர் டயர் வேணாமா?"

நாலு டயருக்கு நாலு ஸ்பேரா? யாரிடம் கதை விடுகிறீர்கள்? மீதிப் பாதியில் என் படங்களை உங்களுக்கென்று சேர்க்கிறீர்கள், ஒருநாள் தனிக்கடை போடுவீர்கள் என்றே நினைத்தேன். நான் வரும்போது நீங்கள் திரையை மூடினாலும் சந்தேகம், மூடாவிட்டாலும் சந்தேகம்.

மாலை கட்டப் பூ வாங்க நீங்கள் திரிங்காப் டவுனுக்குப் போன ஒருநாள், மூன்றாம் எண் டிஸ்க்கைப் பிடுங்கி தொழிலாளர் லயத்தில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் சொந்த லேப்டாப்பில் ஒன்றும் தெரியவில்லை. 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. செய்தால் திறக்கும் என்று அழுத்தினேன், மடையன். அப்புறமும் காலிதான். சத்தமில்லாமல் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் நீங்கள், "இன்னிக்கு யாரும் லேப்டாப்ப தொடாதீங்க" என்றீர்கள். அறையில் இருந்தது நான் ஒருவன்தான். 'எதையோ மறைக்கிறார்' என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன்.

இன்று செத்த டிஸ்க்கைக் கழற்றும்போது மூன்றாம் எண்ணையும் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டிய சீட்டில் உங்கள் கையெழுத்து: "தம்பி அழிச்சது. நாலாம் நம்பர்லேருந்து திரும்ப எடுத்தாச்சு. அவங்கம்மா வீடியோவும் பத்திரம்."

நான்கு வருஷம் தெரிந்துகொண்டே என்னோடு டீ குடித்திருக்கிறீர்கள். வெட்கத்தில் அழுதுவிட்டேன், அக்கா.

வீடியோவைப் போட்டேன். இரண்டாம் எண் இல்லாமலே ஓடியது. தேயிலைக் கூடையோடு நின்று அம்மா அதட்டுகிறார்: "கேமராவ மூடுடா, வேலையா இருக்கேன்லா!"

டவுனில் புது டிஸ்க் வாங்கி மாட்டிவிட்டேன். என் சந்தேகப் புத்தி எங்கே போகும்? கடைக்காரன் பழையதைத் தலையில் கட்டிவிட்டானோ என்று பெட்டியை மூன்று தடவை புரட்டிப் பார்த்தேன். நகல் எடுத்து முடிய சாயங்காலமாகுமாம். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் தடவை எதையும் பிடுங்கவில்லை, அக்கா.