மகளின் புத்தகம், என் பரீட்சை

ஜூன் 3, வியாழன்

விடியலிலிருந்து தூறல். மரவள்ளிப் பாத்தியில் களை பாதிதான் முடிந்தது. மண்வெட்டிப் பிடி ஆடுகிறது, ஆப்பு அடிக்க வேண்டும். சோப்பு தீர்ந்தது. இனி சாம்பல்தான்.

மனைவி தங்கத்துக்கு இன்று முறைக்காய்ச்சல். ஜப்பான்காரன் கொண்டுவந்த டோக்கியோ நேரம் பத்துக்கு, அதாவது பழைய கடிகாரப்படி எட்டரைக்கு, குளிர் தொடங்கியது. இருக்கிற ஒரே கம்பளி, என் பள்ளிக்கூடக் கோட்டு, அதன்மேல் இரண்டு கோணிச்சாக்கு. அப்படியும் கட்டில் ஆடியது. ஒருநாள் விட்டு ஒருநாள், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி தவறாமல் வருகிறது. மலேரியாவுக்கான கொயினா மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை.

மாலை அந்தோணி வந்தார். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸர். சைக்கிளைச் சாத்தும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"வாத்தியாரே, மலேரியாப் பகுதியில ஒரு ஆள் வேணுமாம். நோயாளி ரத்தத்தைக் கண்ணாடியில தடவி மைக்ராஸ்கோப்புல பாக்கணும். அங்க வேலை செய்றவங்க வீட்டுக்குக் கொயினா உண்டு. நம்ம மீனா காலேஜ்ல இதைத்தானே படிச்சிச்சு? இருபத்து நாலாந்தேதி பரீட்சை."

மகள் மீனா கையைத் துடைத்தபடி வெளியே வந்துவிட்டாள். சிங்கப்பூரில் சயன்ஸ் வகுப்பில் முதல் வருஷம் முடித்தவள். குண்டு விழுந்தபோது ஒரு தகரப்பெட்டியும் பயாலஜி புத்தகமுமாக வீடு வந்து சேர்ந்தாள். அவள் வாய் திறக்கும் முன் நான் சொன்னேன்:

"பட்டாளத்தான் நடமாடுற இடம். அவ வேணாம். நான் வரேன்."

"நீங்களா?"

"ஏன்? முப்பது வருஷம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துனவனுக்கு ஒரு புத்தகம் படிக்க வராதா?"

அந்தோணி சிரிக்கவில்லை. மீனா மறுபடி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஜூன் 5, சனி

வெயில். முதல் பாடம். நான் மாணவன், மீனா வாத்தியார்.

புத்தகம் கனம். அட்டையில் கரையான் தொட்ட அடையாளம். முதல் அத்தியாயம்: செல். படித்ததும் எனக்கு உதாரணம் வந்துவிட்டது. செல் என்பது ஒரு கடைவீடு. சவ்வு வாசற்காரன், வேண்டியதை விடுவான், வேண்டாததைத் தடுப்பான். நியூக்ளியஸ் பின்னறையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் தவுக்கே, கடை முதலாளி.

"அப்பா, தவுக்கேயெல்லாம் வேணாம். நியூக்ளியஸ்னு சொல்லுங்க."

"உதாரணம் இல்லாம மண்டையில நிக்காதும்மா."

"உதாரணம் நின்னுடும். செல் நிக்காது."

பொறுமைசாலி. இதே வயதில் நான் இவ்வளவு பொறுமையாக இல்லை. இன்று மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டேன், மூன்று முறையும் முதல்முறை போலவே சொன்னாள்.

தங்கத்துக்கு மதியம் வரை காய்ச்சல். பப்பாளி இலைச்சாறு அரை டம்ளர், வாந்தி.

ஜூன் 8, செவ்வாய்

ஆப்பு அடித்தாகிவிட்டது. மண்வெட்டி சரி.

காலையில் வாசலில் உட்கார்ந்து அமீபா, பாரமீசியம், மண்புழு. கம்போங் செட்டிக் குடியிருப்பிலிருந்து பீபி, தங்கத்தைப் பார்க்க வந்தவள், நின்று எட்டிப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய்.

"சேகு, சூடா தூவா மாசி பெலாஜார்?" என்றாள். வாத்தியாரே, கிழவனான பிறகும் படிப்பா என்று கேள்வி. பிறகு மீனாவைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். மீனாவும் சிரித்தாள். என்ன என்று கேட்டேன்.

"குரு யாரு, பிள்ளை யாருன்னு கேக்கறாங்க. பிள்ளைக்குத் தலை நரைச்சிருக்காம்."

போகும்போது வெல்லத்துண்டு ஒன்று வைத்துவிட்டுப் போனாள். எங்கே கிடைத்ததோ.

ஜூன் 12, சனி

படிக்க வேண்டியவை:
மலேரியாக் கிருமிக்குக் கொசுவின் வயிற்றில் நடப்பது
மனித உடம்பில் முதல் சில நாள் நடப்பது (புத்தகத்தில் தெளிவாக இல்லை, மீனாவும் தெரியாது என்றாள்)
ரத்தச் சிவப்பணுவில் நடப்பது: முதலில் மோதிர உரு, பின் பெருத்த உரு, பின் வெடிப்பு
வெடிக்கும்போதுதான் குளிர்

கடைசி வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். தங்கம் நடுங்கும்போதெல்லாம் உள்ளே ஆயிரமாயிரம் அணுக்கள் ஒரே நேரத்தில் வெடிக்கின்றன. முன்பெல்லாம் காய்ச்சல் என்றால் காய்ச்சல், அவ்வளவுதான். இப்போது அவள் பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டால் படம் கண்முன் வருகிறது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

ஜூன் 15, செவ்வாய்

மழை. சவ்வூடு பரவல் பாடம். மரவள்ளிக்கிழங்கில் குழி தோண்டி உப்புப் போட்டு வைத்தேன். மதியத்துக்குள் குழியில் நீர் நின்றது. அப்படியொரு சந்தோஷம். கையில் ஏந்திக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் காட்டினேன்.

"உப்பு எவ்வளவு போட்டீங்க?" என்றாள் தங்கம்.

"ஒரு சிட்டிகை."

"இருக்கற உப்பைத் தண்ணியாக்கறதுக்கு ஒரு படிப்பு. அந்தக் கிழங்கை வேகவைங்க, உப்பாவது உள்ள போகட்டும்."

வேகவைத்தோம். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

ஜூன் 18, வெள்ளி

மைக்ராஸ்கோப் இல்லாததால் எல்லாம் படத்தில்தான். மலேரியாக் கிருமியின் வண்ணப்படம் இருக்கிற பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சிலேட்டில் வரைந்தேன். வட்டம், உள்ளே மோதிரம், மோதிரத்தில் ஒரு சிவப்புக்கல். அழித்து மறுபடி. சாயங்காலத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டே போட வந்துவிட்டது. மீனாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"படம் அழகா இருக்குப்பா. ஆனா அது யாரோ ஒருத்தர் பார்த்தது. கண்ணாடியில உங்களுக்கு அப்படித் தெரியாது. அழுக்கு இருக்கும், சாயத்துளி இருக்கும், காத்துக்குமிழி இருக்கும். ஒவ்வொரு தடவையும் புதுசாப் பாக்கணும்."

"படம் மனசுல இருந்தா அடையாளம் தெரிஞ்சிடாதா?"

அவள் சிலேட்டைத் துடைத்துக் கொடுத்தாள்.

தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் வேலைக்கு பட்டாளம் பிடித்து லாரியில் ஏற்றிப் போவதாகப் பேச்சு. தெரு அமைதி. கதவை வேளையோடு சாத்தினோம்.

ஜூன் 21, திங்கள்

தங்கத்துக்கு மோசம். எழுந்து நிற்க முடியவில்லை. கண்ணின் உள்பக்கம் வெள்ளைத்தாள் போல. மீனா இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"நான் போனா என்னப்பா? டிரெஸர் மாமா கூடவே இருப்பார்ல."

"அந்தப் பேச்சு வேணாம்."

"உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனா மைக்ராஸ்கோப்பைத் தொட்டதில்ல."

"மூணு நாள் இருக்கு. தெரியாததைச் சொல்லிக் குடு."

சொல்லிக்கொடுத்தாள். மைக்ராஸ்கோப்புக்குப் பதில் தகர டப்பா. எந்தத் திருகு முதலில், எந்தத் திருகு பிறகு, எந்தக் கண்ணால் பார்ப்பது, மற்றக் கண்ணை மூடக்கூடாது. டப்பாவுக்குள் நான் குனிந்து பார்த்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

ஜூன் 24, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலை அந்தோணியோடு போனேன். பாலத்துக் காவலுக்குக் குனிந்து வணக்கம். ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்தில் ஒரு சுத்தமான அறை, கதவு உண்டு, ஜன்னலோரம் மேசை, அதன்மேல் மைக்ராஸ்கோப். பட்டாள டாக்டர் இளவயது, கண்ணாடி போட்டவர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன், பார்மோசாத் தீவுக்காரன், ஜப்பான் மொழியோடு மலாயும் பேசுகிறான். பரீட்சைக்கு இரண்டே பேர். நானும், தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்த முத்துசாமி என்பவரும்.

பாதித்தாள், சிவப்புப் பென்சில், நீலப் பென்சில். "பார்ப்பதை வரை" என்றான் மொழிபெயர்ப்பாளன். அவ்வளவுதான் பரீட்சை. மனப்பாடம் செய்த ஒரு வரியையும் யாரும் கேட்கவில்லை.

குனிந்தேன். முதலில் என் கண்ணிமை முடி. பிறகு வட்டங்கள். சிவப்புக் கலந்த வெறும் வட்டங்கள், காசு கொட்டியது போல. மோதிரம் இல்லை. கண்ணாடித்தகட்டை நகர்த்தினேன். வட்டங்கள். இன்னும் நகர்த்தினேன். என் கண்ணுக்கு வயதாகிவிட்டது, இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன். வியர்த்துவிட்டது. என் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொன்னது காதில் கேட்டது: தெரியாவிட்டாலும் தாளை வெறுமையாகக் கொடுக்காதே, ஏதாவது எழுது, பாதி மார்க்காவது வரும்.

வரைந்தேன். ஆறு வட்டம், மூன்றில் மோதிரம், சிவப்புக்கல்லோடு. ஒன்றில் பெருத்த உரு, நீலத்தில். சிலேட்டில் போட்டதைவிட அழகாக வந்தது.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். ஏதோ சொன்னார். "நல்ல படம். இது தகட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, காட்டு என்கிறார்" என்றான் மொழிபெயர்ப்பாளன். நான் குனிந்து தேடுவது போல் தேடினேன். அவர் தன் இடது கையை நீட்டினார். விரல்நுனியில் ஊசி குத்திய புள்ளி.

"வாத்தியாரே," என்றார் அந்தோணி தமிழில், தரையைப் பார்த்தபடி, "அது டாக்டரோட ரத்தம். காலையில எடுத்தது. அவருக்கு மலேரியா இல்ல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: இதை யார் கற்றுக்கொடுத்தது?

"புத்தகம்."

வீட்டில் இந்தப் படிப்புப் படித்தவர்கள் வேறு யாராவது?

அந்தோணி என்னைப் பார்த்தார். எனக்கு அந்த அறை தெரிந்தது, கதவு தெரிந்தது, ஜன்னலோரத்து நாற்காலி தெரிந்தது. ஆனாலும் வாயில் வந்தது: "இல்லை. யாரும் இல்லை."

அடுத்து முத்துசாமி. பத்துப் பன்னிரண்டு வெறும் வட்டம் போட்டு, கோணல்மாணலாக, தாளைக் கொடுத்தார். வேலை அவருக்கு.

திரும்பும் வழியில் அந்தோணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். எங்கள் தெருமுனை வந்ததும், "பொண்ணு பேரைச் சொல்லியிருக்கலாம் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஜூன் 25, வெள்ளி

மீனாவிடம் சொன்னேன். டாக்டர் ரத்தம் என்றதும் சிரித்துவிட்டாள், அடக்க முடியாமல். முதல் வருஷ வகுப்பில் எல்லோரும் செய்கிறதுதானாம். அவளும் ஒருமுறை காற்றுக்குமிழியை அமீபா என்று வரைந்து, கால் வைத்து, பெயரும் எழுதிக் கொடுத்தாளாம்.

"வெறும் வட்டம் தெரிஞ்சா வெறும் வட்டம்தானேப்பா. அதுவும் ஒரு பதில்."

பிறகு, வீட்டில் யாரும் இல்லை என்று நான் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். குடம் நிறைந்து வெகுநேரம் ஆகியும் வரவில்லை.

தங்கத்துக்கு இன்று முறை. குளிர் விட்டதும் கட்டிலிலிருந்து கூப்பிட்டாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"காய்ச்சல் யாருக்கு?"

"உனக்கு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவளைத் தனியா சிங்கப்பூர் ரயில்ல ஏத்தி அனுப்புனது யாரு? நான்தான். அப்பவும் நீங்க வேணாம்னுதான் சொன்னீங்க."

உண்மை. இந்த வீட்டில் மூன்று பேர். காய்ச்சல் ஒருத்திக்கு, படிப்பு ஒருத்திக்கு. முடிவு மட்டும் எனக்கு. இருவரையும் கேட்கவில்லை. வகுப்பில் கை தூக்கிய பிள்ளையை விட்டுவிட்டு நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்கிற வாத்தியாராக எப்போது ஆனேன்?

ஜூன் 26, சனி

மழை இல்லை. பாத்திக்கு நீர். அந்தோணி வீட்டுக்கு நடந்து போய் வந்தேன். மீனாவைத் திங்களன்று கூட்டிப்போகச் சம்மதித்தார். "இடம் போயிடுச்சு சார், கேட்டுப் பாக்கலாம்" என்றார்.

ஜூன் 28, திங்கள்

மீனா போய் வந்தாள்.

மொழிபெயர்ப்பாளனுக்கு நான் சொன்னது நினைவிருக்கிறது. வாத்தியார் வீட்டில் யாரும் இல்லை என்றாரே, இது யார் என்று கேட்டானாம். மகள் என்றார் அந்தோணி. டாக்டர் ஒரு தகட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள், வரைந்தாள். டாக்டர் தலையசைத்தார். வியாழக்கிழமை வந்திருந்தால் நாற்காலி உன்னுடையது என்றாராம். இப்போது இடம் ஒன்றுதான், ஆள் வைத்தாகிவிட்டது. தகடு கழுவ ஒருத்தி வேண்டும், வருகிறாயா? ஒருவேளைச் சாப்பாடு. கொயினா கிடையாது, அது மேசை வேலைக்காரர்களுக்கு.

சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"எங்க கழுவணும்?" என்று கேட்டேன்.

"பின்கட்டுல. தண்ணித்தொட்டி பக்கத்துல."

அந்தத் தொட்டியை நான் பார்த்திருக்கிறேன். திறந்தவெளி. பட்டாளத்து லாரிகள் நிற்கிற இடம். கதவு இருந்த அறையை மறுத்து அவளை அங்கே நிறுத்தியிருக்கிறேன்.

ஜூலை 1, வியாழன்

வானம் மப்பு. தங்கத்துக்கு முறை, ஆனால் தாமதமாகத் தொடங்கியது. கிழங்கு கொஞ்சம், கீரை. பீபி கஞ்சி கொண்டுவந்தாள்.

இந்த மூன்று நாளும் மீனாவைக் கொண்டுபோய் விட்டு, மாலை போய்க் கூட்டி வருகிறேன். லாரிக்காரர்கள் சீழ்க்கை அடிக்கிறார்கள். அவள் நிமிர்வதில்லை. நான் எதிர்ப்புறச் சுவரோரம் நிற்கிறேன், நின்று என்ன செய்யப்போகிறேன்.

இன்று வரும் வழியில் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். காகிதத்தில் சுற்றிய நான்கு கொயினா மாத்திரை. முத்துசாமி கொடுத்ததாம், அவர் பங்கிலிருந்து. "வீட்ல நான் ஒண்டி ஆளு, எனக்கு எதுக்கு இவ்வளவு. அப்பாகிட்ட, நல்லாப் படம் போடுறார்னு நான் சொன்னேன்னு சொல்லும்மா" என்றாராம். கேலியா, பாராட்டா, தெரியவில்லை.

தங்கம் ஒன்றை விழுங்கினாள். முகத்தைச் சுளித்து, "இந்தக் கசப்புக்கா இத்தனை படிப்பு?" என்றாள். நான்கு போதாது என்று மூவருக்குமே தெரியும்.

மீனாவின் விரல்களில் சாயத்தின் நீலம், நகக்கண் வரை. தோல் வெடித்திருக்கிறது. சாம்பல் எடுத்துவந்தேன், கையைக் கொடு, தேய்த்துவிடுகிறேன் என்றேன்.

"விடுங்கப்பா, நாளைக்கும் கழுவணும்."