நீல முயல் கடைப் பாட்டு

லண்டன், ஸ்மித்ஃபீல்ட்
நவம்பர், விடாத மழை

யார்க் நகரத்துச் சத்திரத்தில் கணப்புக்குப் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என் கணவர் பர்னபி லார்க்கம் அவர்களுக்கு, உங்கள் அச்சுக்கடையில் மை அப்பிய கையோடு நிற்கும் தாமசின் எழுதுவது. நான் நலம். நீங்களும் நலம் என்று உங்கள் கடிதத்தில் படித்தேன். அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உடனே வாருங்கள், வந்து பேட்டை விசாரணைக் குழு முன்னால் 'நான் எழுதியது பொய்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாயாடி என்று என்னை நாற்காலியில் கட்டிக் குதிரைக் குளத்தில் முக்கப் போகிறார்கள் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். பதிலுக்கு நீங்கள் இரண்டு சட்டை கேட்டிருக்கிறீர்கள். பாட்டு எப்படி விற்கிறது என்று விசாரித்திருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவதாகவும், வரும்போது அதன் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவருவதாகவும் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள்.

பாட்டு நன்றாகவே விற்றது. அதை நான் முதலில் எங்கே கேட்டேன் தெரியுமா? நம் வாசலில். சந்தை நாள். பாட்டுத்தாள் விற்கும் ஹம்ஃப்ரி ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று தொண்டையைக் கனைத்தான். நான் உள்ளே ஈரத்தாள்களைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

'நீல முயல் கடையிலே நீளம் என்ன தெரியுமா?
நாளும் அடிக்கும் நாக்குதான், நாற்பது முழம் குறையுமா?'

நம் கடைப் பலகையில் இருக்கும் நீல முயல். இந்த ஊரில் வேறு எங்கும் நீல முயல் கிடையாது. நான் கரண்டியால் உங்கள் மண்டையில் அடித்ததாகவும், நீங்கள் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு ரொட்டிக்குக் கெஞ்சியதாகவும் பதினான்கு கண்ணி. ஒவ்வொன்றின் முடிவிலும் கூட்டமே சேர்ந்து பாட ஒரு அடி. நான் வெளியே வந்ததும் சிரிப்பு இரண்டு மடங்கானது. "ஏண்டா ஹம்ஃப்ரி, என் வாசல்லயே வந்து என்னையே பாடறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும்? உண்மைச் சம்பவம்னு மேலேயே போட்டிருக்கு, நான் பாடறேன். எழுதுனவரு உங்க வீட்டுக்காரரு, அவருக்குத் தெரியாதா?" என்றான்.

இதை நம் கடையில் அச்சடிக்கக் கொடுக்காமல் போட்டி அச்சுக்காரன் ஓட்வெல்லிடம் கொடுத்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. என்னிடம் வந்திருந்தால் அடுப்புக்குப் போயிருக்கும். எழுத்துக் கோப்பவள் நான், மை தடவுபவள் நான், உங்கள் பாட்டில் சீர் குறையும் இடத்திலெல்லாம் ஒரு வார்த்தை போட்டு நிமிர்த்தியவளும் நான். என் கை படாமல் அச்சேறிய உங்கள் முதல் பாட்டு இதுதான். அதனால்தான் ஏழாவது கண்ணி நொண்டுகிறது. 'கரண்டி'க்கு எதுகையாக 'சுரண்டி' போட ஒரு ஆளுக்கு யார்க் வரை போய்க் குடிக்க வேண்டுமா?

யாரும் பாட்டை நிஜமென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்று எப்போதும் சொல்வீர்கள். சொல்லிவிட்டு மறந்தது நீங்கள்தான். மீன்கார மார்ஜரி தினமும், "என்னடி தாமசின், இன்னிக்கு கரண்டி ஓய்வா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்கினாள். பீர்க்கடைச் சுவரில் என்னை ஒட்டி வைத்தார்கள். அங்கிருந்து அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு விசாரணைக் குழுவுக்குப் போனவர் அதன் தலைவர், மெழுகுவர்த்திக்கார போக்ரிட்ஜ். நான் யாரையும் அடித்ததில்லை, அக்கம்பக்கத்தில் கேளுங்கள் என்றேன். அவர் தாளைத் தட்டிக் காட்டி, "அச்சுலயே வந்தாச்சு. கட்டின புருஷனே எழுதியிருக்கான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். நாளும் குறித்துவிட்டார்கள்.

போன குளிர்காலத்தில் சிப்பி விற்கும் ஜோனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று முறை முக்கினார்கள். நெஞ்சில் சளி கட்டி, தவக்காலத்துக்கு முன்பே போய்விட்டாள். அதற்கும் ஒரு பாட்டு எழுதினீர்கள். அவள் இருமலை வைத்தே இரண்டு அடி. குளத்தில் பனிக்கட்டி மிதந்ததை மட்டும் விட்டுவிட்டீர்கள், அதில் சிரிப்பு வராது என்று.

இவ்வளவும் தெரிந்துதான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் எழுதிய பதிலை அப்படியே நெஞ்சில் வைத்திருக்கிறேன். 'உண்மைச் சம்பவம் என்று போட்டு விற்றவன், பொய் என்று சொன்னால் இனி என் தாளை யார் வாங்குவார்கள்? அச்சில் வந்ததை மனிதன் மறுக்கக் கூடாது. தண்ணீர்தானே, துடைத்துக்கொள்.'

நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொண்டேன். அச்சில் வந்ததை மனிதன் மறுக்கக் கூடாது.

உங்கள் பதில் வந்த அன்று சாயங்காலமே எழுத்துக் கோத்தேன். தலைப்பு: 'யார்க் நகரில் காய்ச்சலால் மாண்ட பாட்டுக்காரர் பர்னபி லார்க்கம், ஆண்டவர் முன்னிலையில் தம் வாயாலேயே சொன்ன கடைசி மனவருத்தம். உண்மைச் சம்பவம்.' படத்துக்கு நம் பெட்டியில் கிடந்த, ஆள் உருவம் செதுக்கிய பழைய மரக்கட்டை. முதலில் டச்சுக் கப்பல்தலைவனாகவும், அப்புறம் காளை முட்டிச் செத்த ஆளாகவும் இருந்தானே, அவன்தான். கறிக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "மூக்கு அப்படியே பர்னபிதான், பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே ஹம்ஃப்ரி, அதே பீப்பாய். "மாஸ்டர் நெஜமாவே போயிட்டாராம்மா?" என்று கேட்டான். "மேலேயே உண்மைச் சம்பவம்னு போட்டிருக்கு, படி" என்றேன். நல்ல குரல் அவனுக்கு, அன்றைக்குத் தேம்பித் தேம்பிப் பாடினான்.

'பொய்யை எழுதிப் பிழைத்தவன் போகிறேனே, கேளுங்கள்;
மெய்யை இன்று சொல்கிறேன், மனைவி நல்லவள், நம்புங்கள்.'

போக்ரிட்ஜ் தொப்பியைக் கழற்றிவிட்டார். "சாகப் போறவன் பொய் சொல்வானா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். மறுநாளே குழுவின் ஏட்டில் என் பெயரை அடித்துவிட்டார்கள். மார்ஜரி ஒரு கூடை மீன் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஓட்வெல் துக்கம் விசாரிக்க வந்து, போகும்போது இரண்டாம் பதிப்பைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். முடியாது என்றேன்.

இப்போது நான் கறுப்பு உடுத்துகிறேன். அச்சுக்காரர் சங்கத்தில் கடையை விதவையின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சட்டைகளை ஹம்ஃப்ரிக்குக் கொடுத்தேன், இறந்தவர் துணியை ஏழைக்குக் கொடுப்பதுதானே முறை. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் உங்கள் பெயரைச் சொல்லிப் பிரசங்கம் செய்தார். திருந்திய மனிதன் என்றார். உயிரோடிருந்தபோது உங்களை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை, நீங்களும் அதற்கு இடம் கொடுத்ததில்லை.

ஆகையால் நீங்கள் வர வேண்டாம். வந்து நின்றால் இரண்டு தாளில் ஒன்று பொய்யென்று ஆகிவிடும், எது என்று போக்ரிட்ஜ் என்னைத்தான் கேட்பார். இந்த முறை நாற்காலியோடு நிற்காது, கடையும் போகும். உங்களுக்கும் என்ன கிடைக்கப் போகிறது? செத்தவன் திரும்பி வந்தான் என்று ஒரு சிரிப்புப் பாட்டு. அதையும் ஓட்வெல் அச்சடிப்பான். யார்க்கில் இருங்கள். வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். பீர் ஊற்றிக் கொடுக்க அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று மூட்டை வண்டிக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். அவளைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். அவளாவது பிழைக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மரணப் பாட்டை எழுதும்போது கேலி, பொய், குடி, சோம்பல் எல்லாம் தானாக ஓடி வந்தன, கை நிற்கவில்லை. நான்காவது கண்ணியில் நின்றுவிட்டது. அங்கே நீங்கள் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நீங்கள் எப்போதாவது சொன்ன வார்த்தையையே போடலாம் என்று பதினோரு வருஷத்தையும் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் நானே எழுதினேன். 'அவள் இருந்த வீட்டில் எனக்குக் குளிர் தெரிந்ததில்லை.' ஹம்ஃப்ரி அதைப் பாடியபோது தெருவே அழுதது. நானும் அழுதேன். நடிப்பென்று நினைத்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஒருவர் என்னைப் பற்றி அப்படிச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆண்டவர் உங்கள் ஆன்மாவுக்கு அமைதி தரட்டும், உடம்புக்கும் தரட்டும். நெஞ்சை மூடிக்கொண்டு படுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விதவை
தாமசின் லார்க்கம்