ஆதரவுக் கடிதம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
11 பெப்ரவரி 2024

அன்புள்ள பெனிற்றா அக்காவுக்கு,

போன் எடுத்தால் "சரி தம்பி, வைக்கிறன்" என்று இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறீர்கள். கோபமில்லை. ஆனால் இது இரண்டு சொல்லில் அடங்காத கதை, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இங்கே இருக்க உரிமையில்லையாம். பிரிட்டிஷ் ஆமியில் சேர்ந்தபோது, விசாக் கட்டுப்பாடு இவனுக்குப் பொருந்தாது என்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். காலமெல்லாம் அப்படித்தான் என்று நம்பி இருந்துவிட்டேன். முழங்கால் போய் ஆமியை விட்டதோடு அந்த முத்திரையும் செத்துப்போச்சாம். உடனே விசாவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். ஒருத்தரும் சொல்லவில்லை. போன மாதம் வேலையிடத்தில் விசாப் பேப்பரைப் பார்த்துவிட்டு வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். ஆப்கானிஸ்தானில் இவர்களுக்கு லொறி ஓட்டினவன் இங்கே கோழிக்கடையில் நிற்கவும் ஏலாது.

முன்னாள் படையினருக்கு இலவசமாக வழக்குப் பார்க்கும் இடத்தில் ஜெயகௌரி என்று எங்கட தமிழ்ப் பிள்ளை ஒருத்தி சட்டத்தரணி. கெட்டிக்காரி. என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறதுதான் மனக்குறை. குடும்பத்திலிருந்து ஒரு ஆதரவுக் கடிதம் வேணும் என்றாள். உங்கள் கையால் எழுதி அனுப்புங்கோ.

அன்புத் தம்பி,
றொனால்ட்

பேசாலை, மன்னார்
3 மார்ச் 2024

அன்புத் தம்பி றொனால்டுக்கு மாதாவின் துணை கிடைக்கட்டும்.

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தவக்காலமென்று மீன் மச்சத்தை விட்டுவிட்டு வெறும் பாண் துண்டோடு கிடக்காதே. மகள் தர்மிகாவுக்கு இது ஏழாம் மாதம். அவளும் மருமகனும் சுகம்.

ஆதரவுக் கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். "என் தம்பி எந்நேரமும் வரலாம். அவனுடைய அறை அவனுக்காகவே இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை அவனுக்கு ஒரு வாய் சோற்றுக்குக் குறைவிராது" என்று எழுதினேன். பங்குச் சுவாமி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதைவிட ஆதரவு யார் கொடுப்பார்கள்? வெள்ளைக்காரருக்கும் அக்காமார் இருப்பார்கள்தானே.

உன் அக்கா,
பெனிற்றா

ஈஸ்ட் ஹாம்
20 யூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

விசாவை மறுத்துவிட்டார்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரம் ஜெயகௌரி லீவில் நின்றாள். கடைசித் திகதி நெருங்கிவிட்டது என்று நானே மொழிபெயர்ப்பித்து அனுப்பிவிட்டேன். வாசித்து அழுதேன் அக்கா, அவ்வளவு நல்ல கடிதம். இவருக்குச் சொந்த நாட்டில் அறை உண்டு, சாப்பாடு உண்டு, அக்காவின் ஆதரவு உண்டு, போகட்டும் என்று அதை வைத்தே எழுதியிருக்கிறார்கள்.

ஜெயகௌரி தலையில் கை வைத்தாள். "அங்கிள், ஆதரவு எண்டா நீங்க இங்க இருக்கிறதுக்கு ஆதரவு. அங்க வாறதுக்கு இல்லை" என்றாள். அவள் ஆங்கிலத்தில் கேட்டதை நான்தான் தமிழாக்கி உங்களிடம் கேட்டேன். உங்களில் பிழையில்லை.

மேன்முறையீடு போடுகிறோம். ஊர் நிலைமையை உள்ளபடி எழுதச் சொல்கிறாள். அவளுக்கு உண்மை வேணும், எனக்குப் பொய் வேணும். தம்பிக்கு இங்கே இடமில்லை என்று ஒரு பொய் எழுதுங்கோ அக்கா. இந்தக் குளிர் ஊரில்தான் என்னுடைய எல்லாம் இருக்கிறது. என்னை அனுப்ப விடாதேங்கோ.

றொனால்ட்

பேசாலை
14 யூலை 2024

தம்பி,

பொய் எழுதச் சொன்னாய். அதற்குத் தேவையில்லை.

வீட்டைத் தர்மிகாவுக்குச் சீதனமாக எழுதிவிட்டேன். உன் அறையில் அவர்கள்தான் படுக்கிறார்கள், இப்போது குழந்தையும். நான் குசினிக்குப் பின்னால் ஒரு ஓலைப் பத்தி இறக்கிப் படுக்கிறேன். அது பரவாயில்லை. மருமகன் சுஜீத்தின் தமையனைச் சண்டைக் காலத்தில் ஆமி பிடித்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். தாய் இன்னும் அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு, காணாமல்போன பிள்ளைகளைக் கேட்கும் தாய்மாரோடு ரோட்டில் இருக்கிறா. கலியாணத்துக்கு முதல் சுஜீத் கேட்டது ஒன்றே ஒன்று, யூனிபோர்மில் நிற்கும் உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேணும் என்று. "எந்த நாட்டு ஆமி எண்டாலும் ஆமிதான் மாமி. அவர் இந்த வீட்டு முற்றத்தை மிதிச்சா நான் வீட்டை விட்டு வெளிக்கிடுவன்" என்றார். கெட்ட பிள்ளையில்லை. அவர் பக்கத்தில் இருக்கும்போது உன்னோடு கதைக்கப் பயம், அதனால்தான் போனை வைத்துவிடுவேன்.

இதையெல்லாம் இரண்டாவது கடிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கூடப்பிறந்தவனுக்கு இடமில்லை என்று எந்த அக்கா கையெழுத்து வைப்பாள்? முதல் கடிதத்தில் எழுதினது என் ஆசை, தம்பி.

பெனிற்றா

ஈஸ்ட் ஹாம்
24 நவம்பர் 2024

என் அன்பு அக்காவுக்கு,

வழக்குத் தோற்றுவிட்டது. நான்தான் தோற்கடித்தேன்.

விசாரணையில் அரசாங்கத் தரப்பு ஆள் உங்கள் இரண்டு கடிதங்களையும் என் முன்னால் வைத்தான். "உங்கள் அக்கா ஒன்றில் பொய் சொல்லியிருக்கிறா. எதில்?" என்று கேட்டான். முதலாவதில் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தெரியாத நாலு பேருக்கு முன்னால் உங்களைப் பொய்க்காரி என்று எப்படிச் சொல்ல? "என்ர அக்கா பொய் சொல்லமாட்டா" என்றேன். திருப்பிக் கேட்டான், திருப்பியும் அதையே சொன்னேன். ஜெயகௌரி நீதிபதியிடம் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். அப்படியானால் முதல் கடிதமும் உண்மைதானே என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள்.

பிடித்து விமானத்தில் ஏற்றமுதல் நானே போகிறேன். எங்கே போய்த் தங்குவாய் என்று கேட்டு, நான் வாய் திறக்கமுதல் உங்கள் முகவரியைப் பதிந்துகொண்டார்கள். பயப்படாதேங்கோ, நான் அங்கே வரமாட்டேன். சுஜீத்தோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. கட்டுநாயக்கா எயார்போட்டுக்கும் ஒருத்தரும் வரவேண்டாம்.

ஊரில் கேட்கிறவர்களிடம், தம்பி லண்டனில்தான் நிக்கிறான் எண்டு சொல்லுங்கோ. என்னை எங்கேயாவது கண்டதாக யாராவது சொன்னால், வேறு ஆளாக இருக்கும் எண்டு சொல்லுங்கோ.

இதற்குப் பதில் போடவேண்டாம். வெள்ளிக்கிழமை இந்த அறையை விடுகிறேன்.

றொனால்ட்